காலி செய்த வீடு

வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து ஆரம்பித்தார்.

"இதைப் பாருங்கம்மா. இந்தச் சுவர் முழுக்க இப்படித்தான்."

அடுப்பு மேடைக்கு மேலே சுவரெல்லாம் கரி. வழக்கமான சமையல் புகையாகத் தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு எழும்பி, பரண் வரைக்கும் போய், அங்கே விசிறி மாதிரி விரிந்திருந்தது. யாரோ தேய்த்துக் கழுவப் பார்த்துக் கைவிட்ட தடமும் இருந்தது. மேடைக் கல் குறுக்கே விண்டிருந்தது.

பாப்பா விண்ட கல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதாகிறது, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பரிசோதிக்கிற வேலை, ஆனாலும் குடும்பத்தில் அவள் பாப்பாதான். அப்பா இருந்தவரை அப்படித்தான் கூப்பிட்டார். போன மாதம், பால் வாங்கப் போன இடத்தில், கடை வாசலிலேயே சரிந்து அவர் போய்விட்டார். காரியங்கள் எல்லாம் அண்ணன் வீட்டில் நடந்ததால் இந்தப் பக்கம் வரவே நேரமில்லை. இன்றைக்குத்தான், சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். இந்த வீட்டுக்குள் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது.

"தீப்பிடிச்சுதா?" என்று கேட்டாள்.

"பாலை அடுப்புல வச்சுட்டு உங்கப்பா வெளியில போயிட்டாரு. பக்கத்துல துண்டு கிடந்திருக்கு. புகை மாடிக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. நான்தான் ஓடிவந்து தண்ணியை ஊத்தினேன்."

"எங்ககிட்ட அப்பா ஒண்ணுமே சொல்லலையே."

வீட்டுக்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். குரலை உயர்த்தாமல், அதே சமயம் பிடியும் கொடுக்காமல் பேசுகிற ஆள்.

"வெள்ளையடிக்கணும், கல்லு மாத்தணும், கதவு வேற இருக்கு. இதெல்லாம் ஒரு பக்கம்மா. வாடகை பாக்கியையும் சேர்த்துப் பார்த்தா, அட்வான்ஸ் பாதிக்குக்கூடக் காணாது."

"எந்த வாடகை பாக்கி?"

"பள்ளிக்கூடம் திறந்த மாசத்துலேர்ந்து வரலையே. உங்களுக்குத் தெரியாதா?"

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாதம் பிறந்தால் முதல் வேலையாக அவள் தன் பங்கை அண்ணனுக்கு அனுப்பிவிடுவாள். அண்ணன் தன் பங்கையும் சேர்த்து வாடகையைக் கட்டுவான். அம்மா போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. போன மாதம்கூட அனுப்பினாள். 'கட்டியாச்சு' என்று அவனும் பதில் போட்டிருந்தான்.

ஆனால் மூன்றாம் மனுஷி முன்னால் கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

"தெரியும் ஆன்ட்டி. அப்பா போன குழப்பத்துல மறந்துட்டேன்" என்றாள். சொன்ன விதத்திலேயே அது பொய் என்று தெரிந்திருக்கும். வீட்டுக்காரம்மா அதைத் துருவவில்லை.

"வாங்க, கதவைப் பார்த்துடுங்க."

குளியலறைக் கதவு ஒரே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நிலைச்சட்டம் சிம்பு சிம்பாகப் பிளந்திருந்தது. மறைப்புக்காகப் பழைய விரிப்பு ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

"அப்பா உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. எப்படித் திறக்கிறதுன்னு மறந்துபோச்சு அவருக்கு. சத்தம் மட்டும் வருது. கதவை உடைச்சுத்தான் வெளியில கொண்டுவந்தோம்."

பாப்பா விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் சிக்கிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 'ஏத்தமும் இறக்கமும்தான் என் பொழப்பு' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தானே முதலில் சிரிப்பார். சின்ன வயதில் ஒரு தரம் அவளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு அவர் பேசிய விதம் இன்றும் அவள் காதில் இருக்கிறது. 'பயப்படாதீங்க. காத்து வருது. நான் இங்கதான் நிக்கிறேன்.' அவசரமே இல்லாத குரல் அது. உள்ளே அழுதுகொண்டிருந்த அம்மாள் அந்தக் குரலைக் கேட்டே அழுகையை நிறுத்தினாள்.

அந்த மனுஷனுக்கு ஒரு தாழ்ப்பாள் மறந்துபோயிருக்கிறது.

"யாரு உடைச்சது?"

"உங்க அண்ணன்தான். அவரு அன்னைக்கும் இங்கதானே இருந்தாரு."

"அன்னைக்கும்னா?"

"தினமும் வருவாரேம்மா. காலையில வந்தா சாயங்காலம்தான் போவாரு."

தினமும் காலையில் அண்ணன் மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறான் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

---

அண்ணன் முன் இருக்கையிலிருந்து இறங்கினான். அப்பா போனதிலிருந்து ஆள் பாதியாகிவிட்டிருந்தான். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகி, ஷூ போட்டு, ஆபீசுக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தான்.

"சாமானைச் சீக்கிரம் காட்டுங்க சார். மத்தியானம் எனக்கு இன்னொரு வாடகை இருக்கு" என்றார் வண்டிக்காரர்.

வாடகை என்ற சொல் அன்றைக்கு யார் வாயிலிருந்து வந்தாலும் பாப்பாவுக்குச் சுருக்கென்றது.

கட்டிலும் பீரோவும் முதலில் போயின. அவற்றைப் பழைய சாமான் கடையில் இறக்குவதாகப் பேச்சு. கட்டிலின் ஒரு முனையை அண்ணன் இடது கையால் மட்டும் தூக்கினான். வலது தோளைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்திருந்தான். வண்டிக்காரர் முறைத்துப் பார்த்துவிட்டு, பாரம் முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டார்.

கூடம் காலியானதும் பாப்பா அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"வாடகையை என்ன பண்ணின?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கரிச் சுவரைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "இதை இப்பவா பேசணும் பாப்பா?"

"வேற எப்ப பேசறது? அப்பா வந்தப்புறமா?"

அவன் உடைந்த மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டான். கடைசியில், யாரோ அடுத்தவன் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"எனக்கு வேலை போயிடுச்சு. போன வருஷம் கடைசியிலேயே. கம்பெனியை வேற யாரோ வாங்கினாங்க, பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. உங்க அண்ணிகிட்ட சொல்லல. இன்னைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அப்புறம் சொல்ற கட்டமே தாண்டிப்போச்சு."

"சரி. தினமும் இங்க வந்திருக்க."

"காலையில பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு மனுஷன் எங்க போய் உட்கார முடியும், சொல்லு. முதல் ரெண்டு நாள் அப்பா ஒண்ணும் கேக்கல. டீ போட்டுக் குடுத்தாரு. மூணாவது நாள், 'இன்னைக்கும் லீவா?'ன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவ்வளவுதான். அதுக்கு மேல அவர் கேக்கவே இல்ல."

"வாடகை?"

"பிள்ளைங்க ஃபீஸுக்கு அதைக் கட்டுடான்னாரு. வீட்டுக்காரம்மாவை நான் பார்த்துக்கறேன்னாரு. அவரு எங்கேர்ந்து பார்ப்பாரு? பென்ஷன்ல பாதி மாத்திரைக்கு, மீதி எங்க ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு. மாசாமாசம் 'அடுத்த மாசம் தர்றேன்'னு மாடிக்குப் போய்ச் சொல்லிட்டு வருவாரு."

"என் பணமும் அதுல போச்சா?"

"உன் பணமும்தான்."

இவ்வளவு நேராக அவன் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"பணத்தை விடு. அப்பாவுக்கு மறதின்னு எனக்கு ஏன்டா சொல்லல? நான் என்ன வெளி ஆளா?"

கோபம் வந்தால் அவள் அண்ணனை 'டா' போடுவது சின்ன வயசுப் பழக்கம். அப்பாவிடம் எத்தனையோ தடவை குட்டு வாங்கியும் அது போகவில்லை.

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு. ஞாயித்துக்கிழமை ஆனா, உன் போன் வர்றதுக்கு முன்னாடியே என்னை வரச் சொல்லிடுவாரு. அண்ணிகிட்ட அப்பாவைப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வருவேன். பக்கத்துல உட்கார வச்சுக் கேட்பாரு. பாப்பா எந்த ஊர்ல இருக்கா? எந்தக் கடையில வேலை பார்க்கறா? போன வாரம் என்ன சொன்னா? எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லிக் குடுக்கணும். போன் அடிச்சதும் கையைக் காட்டிடுவாரு, பேசாம இருன்னு. தடுமாறாம பேசிடணும்னு அவருக்கு."

பாப்பா சுவரில் சாய்ந்துகொண்டாள். முதுகெல்லாம் கரி ஒட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

'கால்வலி தேவலையாம்மா? நாள் பூரா நிக்காதே. அந்த முதலாளிகிட்ட ஒரு நாற்காலி கேளு.' ஒவ்வொரு ஞாயிறும் அப்பா இப்படித்தான் பேசினார். மனுஷனுக்கு எவ்வளவு ஞாபகம் என்று அவள் கடையில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், நேரில் போவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவள் அவள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

"தீப்பிடிச்ச அன்னைக்கு நீ எங்க இருந்த?" குரல் இறங்கியிருந்தது.

"இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா சுவரெல்லாம் கரி. அவர் வாசல்ல நின்னுக்கிட்டு, யார் வீட்டுலயோ தீப்பிடிச்ச மாதிரி வேடிக்கை பார்க்கறாரு. அதுக்கப்புறம் இன்டர்வியூவுக்குப் போறதையே விட்டுட்டேன். இவரை விட்டுட்டு எப்படிப் போறது?"

"கதவு?"

அண்ணன் வலது தோளைத் தடவிக்கொண்டான். "அது போன மாசம். உள்ளேர்ந்து தட்டிக்கிட்டே இருக்காரு. தாழ்ப்பாளை மேல தூக்குங்கப்பா, இழுங்கப்பான்னு கத்தறேன். ஒண்ணும் புரியல. கத்தக் கத்த அவருக்குப் பயம் அதிகமாகுது. அப்புறம் அவர் சொல்றதையே நானும் சொன்னேன். பயப்படாதீங்க, காத்து வருது, நான் இங்கதான் நிக்கிறேன்னு. உடனே தட்டறது நின்னுபோச்சு."

அவன் மேடைக் கரியை நகத்தால் சுரண்டினான்.

"உள்ளேர்ந்து கேட்டாரு, 'மெக்கானிக் வந்தாச்சா?'ன்னு. வந்தாச்சுப்பான்னு சொல்லிட்டு, தோளைக் குடுத்து இடிச்சேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிரிக்க வேண்டிய வார்த்தை அது. அப்பா இருந்திருந்தால் அவரே இதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். பாப்பாவின் கண் நிறைந்து வழிந்தது.

---

வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். கதவுக்கும் சுவருக்கும் ஒண்ணும் குடுக்க வேணாம். அதை நான் பார்த்துக்கறேன்" என்றார். "வாடகையை விட என்னால முடியாது தம்பி. மேல எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணியாகணும். இந்த வாடகைதான் அதுக்கு. போன மாசம் ஒரு தடவையைத் தள்ளிப்போட்டோம். மூச்சு முட்டி ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்தாரு."

அண்ணன் தலை நிமிரவில்லை.

"அஞ்சு மாசமா நானும் வாயைத் திறக்கலம்மா. அன்னைக்கு முடியல. உங்கப்பா படியேறி வந்து 'அடுத்த மாசம்'னு ஆரம்பிச்சாரு. வாசல்ல வச்சு, நாலு பேர் காதுல விழற மாதிரி கேட்டுட்டேன். வெக்கமா இல்லையா உங்களுக்குன்னு கேட்டுட்டேன். ஒண்ணும் பேசாம இறங்கிப் போனாரு. மறுநாள் காலையிலதான் பால் வாங்கப் போனாரு."

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"கடைசியா அவர்கிட்ட நான் பேசினது அதுதான். எனக்குத் தூக்கமே இல்ல."

 

பாப்பா வீட்டுக்காரம்மாவின் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கினாள். அட்வான்ஸைக் கழித்து மீதி எவ்வளவு என்று இருவரும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

பாப்பாவின் கணக்கில் இருந்த பணம் சொந்தமாக ஒரு கண்ணாடிக் கடை வைக்கச் சேர்த்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் பார்த்துவிட்டு வந்த கடை அறை. சின்னதுதான், ஆனால் வாசலில் நல்ல வெளிச்சம். பார்வைப் பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது, கண்ணாடி அலமாரியை எந்தப் பக்கம் வைப்பது என்றெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். அடுத்தவர் கடையில் இத்தனை வருஷம் நின்ற காலுக்குத் தன் கடையில் ஒரு நாற்காலி. முன்பணத்தை இந்த வாரத்துக்குள் கட்டுவதாகச் சொல்லியிருந்தாள்.

அண்ணனுக்கும் அது தெரியும். "அது உன் கடைப் பணம் பாப்பா. வேணாம். நான் எங்கேயாவது புரட்டறேன்."

"எங்கேர்ந்து புரட்டுவ?"

அவன் சட்டைப் பையைத் தடவினான்.

"அப்பா பேர்ல பாக்கி நிக்கக் கூடாது" என்றாள் பாப்பா. கைப்பேசியில் எண்களை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மாவின் இடுப்பிலிருந்த கைப்பேசி ஒரு முறை ஒலித்து அடங்கியது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"அவருக்கு மாத்திரை குடுக்கிற நேரம். குடுத்துட்டு வந்து சாவியை வாங்கிக்கறேன்" என்று சொல்லி மாடிப்படி பக்கம் போனார். இரண்டு படி ஏறியவர் நின்று, திரும்பாமலே சொன்னார். "நல்ல மனுஷன்மா உங்கப்பா."

அண்ணன் மேல் இருந்த கோபம் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. போகும் இடம் தெரியாமல் அது நெஞ்சிலேயே நின்றது. வருஷம் முழுக்கப் பொய் சொன்னவன் இவன். அதே வருஷம் முழுக்க அப்பாவுக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, கதவுக்கு வெளியே நின்றவனும் இவன்தான். இவனைத் திட்டலாம் என்று வாயெடுத்தால், ஞாயிற்றுக்கிழமைப் போனுக்கு மேல் நீ என்ன செய்தாய் என்று யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

"தோளை டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சரியாயிடும்."

"இத்தனை டாக்டரைத் தெரியும் உனக்கு. ஒருத்தர்கிட்டயாவது காட்டக் கூடாதா?"

அவன் லேசாகச் சிரித்தான். அப்பாவின் கருவிப் பையை இடது கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அது ஒன்றைத்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். வண்டி முன்னாலேயே போய்விட்டிருந்தது.

பாப்பா ஜன்னல்களைச் சாத்தினாள். குழாய்களைத் திருகிப் பார்த்தாள். பூட்டை எடுக்கக் குனிந்தபோது அவள் கைப்பேசி அடித்தது.

அண்ணி.

"பாப்பா, உங்க அண்ணன் உன்கூட இருக்காரா? நான் கூப்பிட்டா எடுக்கவே இல்ல."

"இங்கதான் இருக்கான் அண்ணி. சாமான் ஏத்திக்கிட்டு இருந்தோம்."

"சரி." அண்ணி மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் டெலிபோன் மணிகளும் யார் யாரோ பேசும் குரல்களும். "சின்னவளுக்குக் காதுவலின்னு காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனியில குடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு செல்லாதுன்னுட்டாங்க. என்னன்னு நேர்லயே கேட்டுடலாம்னு அவர் ஆபீசுக்கு வந்தேன். இங்க முன்னாடி உட்கார்ந்திருக்கிற பொண்ணு, அப்படி ஒருத்தர் இப்ப இங்க இல்லைங்குது. உள்ளேர்ந்து யாரோ வந்து, அவர் போய் ரொம்ப நாளாச்சேம்மாங்கறாரு."

பாப்பா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா பாப்பா? தெரிஞ்சா சொல்லு. நான் ஒண்ணும் கத்த மாட்டேன்."

அண்ணியின் குரலில் கோபம் துளிக்கூட இல்லை. பாப்பாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கருவிப் பையைக் கீழே வைத்தான். வேண்டாம், ஏதாவது சொல்லிச் சமாளி என்று கையைக் காட்டினான். 'எனக்கு என்ன தெரியும் அண்ணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைய பொழுது ஓடிவிடும். நாளைக்கு அவன் வேறு ஏதாவது யோசித்துக்கொள்வான்.

பாப்பா கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினாள்.

"நீ பேசு."

அவன் கையை நீட்டவில்லை. அவளும் தன் கையை மடக்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அண்ணி கூப்பிடுவது இருவருக்கும் கேட்டது.

கடைசியில் அவன் வாங்கிக்கொண்டான். அவள் எதிரில் பேச முடியாமல் வீட்டுக்குள் போனான். உள்ளே ஒரு சாமான் இல்லை. அவன் மெல்லப் பேசியதே கூடம் முழுக்க முட்டி வாசலுக்கு வந்தது.

"நான்தான்."

பிறகு, "ஆமா."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா வீட்டுலதான் இருந்தேன். தினமும்."

அதற்கப்புறம் சத்தமே இல்லை. அண்ணி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறானா, இல்லை அவள் வைத்துவிட்ட போனைக் காதில் வைத்தபடி நிற்கிறானா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.